பேரவைக்கு நிற்கப் போகிறீர்களா?

அத்தியாயம் 7

செல்லூர், தத்தனேரி, மீனாம்பாள்புரம் பக்கமிருந்து கல்லூரிக்குப் போகிற மாணவ மாணவியருக்காக இந்த அத்தியாயம். கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி, ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி. தல்லாகுளம் பக்கம் லேடி டோக். வைகைக்கு அந்தப் பக்கம் மதுரா கல்லூரியும் தியாகராசர் கல்லூரியும். எங்கே படித்தாலும், மாணவர் பேரவையில் ஒரு பதவிக்கு வர என்ன செய்ய வேண்டும், வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். பாதிக்கு மேல் காகித வேலைதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேடைப் பேச்சை எதிர்பார்த்துப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

முதலில், தேர்தல் உண்டா என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் வாக்குப்பெட்டியே கிடையாது. மூன்று விதங்களில் ஏதோ ஒன்று நடக்கும். எல்லா மாணவர்களும் வாக்களிக்கும் நேரடித் தேர்தல் ஒன்று. வகுப்புப் பிரதிநிதிகள் மட்டும் கூடித் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. துறைத் தலைவர்கள் பெயர் கொடுக்க, முதல்வர் நேர்காணல் வைத்து நியமிப்பது மூன்றாவது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போஸ்டர் வரைய உட்காருகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

கண்டுபிடிக்கும் வழி:

1. கல்லூரிக் கையேட்டில் ‘மாணவர் பேரவை’ என்ற பக்கத்தைப் படியுங்கள். சேர்ந்த அன்று கொடுத்ததை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.
2. போன வருடம் ஒட்டிய சுற்றறிக்கையின் நகலை மாணவர் நலன் டீன் அலுவலகத்தில் கேளுங்கள். தேதி, பதவிகள், தகுதி எல்லாம் அதில் இருக்கும்.
3. போன வருடச் செயலாளரைப் பிடித்து அரைமணி நேரம் பேசுங்கள். தலைவரைவிடச் செயலாளருக்குத்தான் நடைமுறை தெரியும்.

நியமனம்தான் என்றால் மனம் தளர வேண்டாம். இந்த அத்தியாயத்தில் வேட்புமனு, பிரசாரம், வாக்கு நாள் பகுதிகள் மட்டும் உங்களுக்குத் தேவைப்படாது. மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

நிர்வாகங்கள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்று கேட்டால், மதுரையின் பழைய கதையைக் கொஞ்சம் தொட வேண்டும். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான என். சங்கரய்யா 1937-ல் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்து, மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளரானார். 1941 பிப்ரவரியில், பி.ஏ. இறுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கைதானார். பட்டப் படிப்பு அதோடு நின்றது. 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானித்தது. ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. அந்த நவம்பரில் 101 வயதான சங்கரய்யா காலமானார். 1965 ஜனவரி 25 அன்று மதுரை மாணவர் ஊர்வலத்தில் தொடங்கிய மோதல், இந்தி எதிர்ப்புப் போராட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. இரண்டு வருடத்தில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராசரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார். மாணவர் சங்கம் என்றால் அன்று முதல் எந்த நிர்வாகமும் ஒரு கண் வைத்துத்தான் இருக்கும். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒழுங்கான மனுவோடு நிற்பது எப்படி என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும்.

தகுதி: அலுவலகத்தில் போய்ச் சரிபாருங்கள்

கல்லூரித் தேர்தல்களுக்கு இன்றைக்கு அடிப்படை, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகள். 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் இவற்றை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. வேட்பாளருக்கு அதில் உள்ளவை:

- இளங்கலை மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. முதுகலைக்கு 24, 25 வரை; ஆய்வு மாணவருக்கு 28 வரை.
- போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது.
- வருகைப் பதிவு பல்கலைக்கழகம் விதித்த அளவு, அல்லது 75 சதவீதம்; இரண்டில் எது அதிகமோ அது.
- முழுநேர மாணவராக இருக்க வேண்டும்.
- குற்ற வழக்கில் விசாரிக்கப்பட்டவராகவோ தண்டனை பெற்றவராகவோ இருக்கக் கூடாது. கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருக்கவும் கூடாது.
- நிர்வாகிப் பதவிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை.

கடைசி விதியைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாம் வருடத்திலேயே ஆசைப்பட்டு இணைச் செயலாளருக்கு நின்று தோற்றால், மூன்றாம் வருடம் தலைவர் பதவிக்கு வழி அடைபட்டுவிடும். அவசரம் வேண்டாம்.

வருகைப் பதிவில் நிறையப் பேர் விழுகிறார்கள். செல்லூரில் சாயங்காலம் தறிக்கூடத்திலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, காலையில் முதல் பீரியடை விடுகிற பையன்களுக்கு 75 என்பது சுலபமில்லை. விளையாட்டுக்கும் கல்ச்சுரல்ஸுக்கும் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், பதிவேட்டில் ஏறியிருக்காது. கபடி ஆடுகிறவர்கள் இந்த ஊரில் அதிகம் என்பதால் தனியாகச் சொல்கிறேன்: உடற்கல்வி இயக்குநர் கையெழுத்திட்ட ஓ.டி. கடிதம் துறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தந்த வாரமே பார்த்துவிடுங்கள். வேட்புமனு நேரத்தில் ஓடினால் யாரும் பழைய பதிவேட்டைத் திறக்க மாட்டார்கள்.

ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்குங்கள்

கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் முடிய வேண்டும் என்பது லிங்டோ குழுவின் கணக்கு. ஆகஸ்டில் தேர்தல் என்றால், முந்தின ஆகஸ்டிலேயே உங்கள் வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

முதல் படி, கிளாஸ் ரெப் ஆவது. யாரும் விரும்பாத வேலை: பரீட்சைக் கட்டணத் தேதியைச் சொல்வது, அசைன்மென்ட் வாங்கிக் கொடுப்பது, ஸ்காலர்ஷிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று காட்டுவது. இதை ஒருவர் ஒழுங்காகச் செய்தால் பக்கத்து வகுப்புக்காரனும் கடன் கேட்பதுபோல் வந்து சந்தேகம் கேட்பான். வாக்கு அங்கேதான் சேர்கிறது.

இரண்டாவது, கல்லூரியில் யார் யார் படிக்கிறார்கள் என்று அறிவது. காலை ஷிப்டுக்காரர்களுக்கு மாலை ஷிப்டு சுயநிதிப் பிரிவு இருப்பதே மறந்துவிடும். அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் பஸ் மாறுவதுதான் தினசரிப் பிரச்சினை. ஹாஸ்டல்காரர்களுக்கு மெஸ். முதல் பட்டதாரிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ்; புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஏன் ஏறவில்லை என்கிற கவலை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மதிய வேளை உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் பேச வேண்டாம்.

கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘டாய்லெட் சரியில்லை’ என்று எழுதினால் அது புலம்பல். எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணிக்கு, எந்த நாளிலிருந்து, யார் பொறுப்பு, அவர் என்ன சொன்னார் என்று எழுதினால் அதிலிருந்து மனு பிறக்கும். ஒரு மாதிரி:

*பொருள்: ‘பி’ பிளாக் இரண்டாம் மாடி மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வராமை – தொடர்பாக.*

*அம்மையீர், மேற்கண்ட கழிப்பறையில் கடந்த திங்கட்கிழமை முதல் காலை 11 மணிக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. அந்த மாடியில் நான்கு வகுப்புகள் நடக்கின்றன. மாணவியர் இடைவேளையில் மெயின் பிளாக் வரை சென்று வர வேண்டியிருப்பதால் அடுத்த வகுப்புக்குத் தாமதமாகிறது. மோட்டாரை 10.30 மணிக்குக் கூடுதலாக ஒருமுறை இயக்கினால் போதும் என்று பராமரிப்புப் பணியாளர் தெரிவிக்கிறார். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.*

இதில் கோபமும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. தீர்வு கடைசி வரிக்கு முன்னாலேயே இருக்கிறது. முதல்வர் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும். தேர்தலுக்கு முன்பே இப்படி இரண்டு மூன்று வேலை முடித்துக் காட்டியவரை எதிர்த்து நிற்பவருக்குப் பேச ஒன்றும் இருக்காது.

வேட்புமனு

1. மனுப் படிவத்தை முதல் நாளே வாங்குங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள்.
2. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரும் தலைப்பெழுத்தும் இருக்கட்டும். எல்லோரும் கூப்பிடும் பெயரைப் போட்டு மனுவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.
3. முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வாக்குரிமை உள்ளவர்கள்தானா, வேறு யாருடைய மனுவிலும் கையெழுத்திடவில்லையா என்று கேளுங்கள். நட்புக்காக இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போடுகிற மாப்பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.
4. வருகைச் சான்று, மதிப்பெண் பட்டியல் நகல், வயதுச் சான்று மூன்றையும் இணையுங்கள்.
5. கடைசி நாளுக்கு முந்தின நாள் கொடுத்து, நேரம் குறித்த ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.
6. பரிசீலனையின்போது நேரில் இருங்கள். சின்னத் திருத்தங்களை அங்கேயே செய்யவிடுவார்கள்.

பிரசாரம்: பத்து நாளும் ஐயாயிரம் ரூபாயும்

மனுத் தாக்கல் முதல் முடிவு அறிவிப்பு வரை எல்லாம் 10 நாளுக்குள் முடிய வேண்டும். ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 5,000 ரூபாய். 2006-ல் சொன்ன தொகை. விலைவாசி எங்கேயோ போய்விட்டாலும் விதி அதேதான். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலும், வரம்பை மீறினாலும் வெற்றி செல்லாததாகிவிடும். எனவே டீ வாங்கினாலும் ரசீது. ரசீது தராத கடையென்றால் தேதி, தொகை, எதற்கு என்று சீட்டில் எழுதி நண்பர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அச்சடித்த போஸ்டர், துண்டுப் பிரசுரம் கூடாது. கையால் எழுதியது மட்டும். அதுவும் நிர்வாகம் குறித்துக்கொடுத்த இடத்தில் மட்டும். காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் தெருவை அடைத்து பிளெக்ஸ் வைக்கிற ஊரில் வளர்ந்த நமக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கு இது லாபம். காசுள்ளவனும் சார்ட் பேப்பரில்தான் எழுதியாக வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு பேரைப் பிடித்தால் போதும். தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து, பெயர், பதவி, இரண்டு வாக்குறுதி. உங்கள் போட்டோவைக் கொட்டை எழுத்துப் பட்டங்களோடு போட வேண்டாம். பதினெட்டு வயதில் யாரும் ‘மாவீரன்’ ஆகிவிடவில்லை.

ஒலிபெருக்கி, வாகனம், விலங்குகளைப் பயன்படுத்தித் தேர்தல் வேலை செய்யக் கூடாது. கல்லூரி வளாகத்துக்கு வெளியே ஊர்வலமோ கூட்டமோ கூடாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கூடாது. வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்கக் கூடாது.

வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசுவதுதான் உண்மையான பிரசாரம். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். இப்படி:

“வணக்கம். நான் பி.காம். மூணாம் வருஷம், ஏ செக்‌ஷன். செயலாளருக்கு நிக்கிறேன். ரெண்டே விஷயம்தான் சொல்லப் போறேன். ஒண்ணு, மாலை ஷிப்டுக்காரங்களுக்கும் லைப்ரரி கிடைக்கிற மாதிரி ஆறரை வரைக்கும் திறந்து வைக்கணும்னு மனு குடுப்பேன். லைப்ரரியன் சார்கிட்ட பேசிட்டேன், ஆள் இருந்தா செய்யலாம்னாரு. ரெண்டு, ஸ்காலர்ஷிப் கடைசித் தேதி எல்லாத்தையும் ஒவ்வொரு பிளாக்லயும் போர்டுல எழுதிப் போடுவேன். வேற எதுவும் முடியும்னு சொல்ல மாட்டேன். கேள்வி இருந்தா கேளுங்க.”

கேள்வி வரும். ‘கேன்டீன்ல விலை குறைப்பீங்களா?’ என்பார்கள். கேன்டீன் ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, எப்போது முடிகிறது என்று தெரிந்து வைத்திருந்தால், ‘ஒப்பந்தம் புதுப்பிக்கிற கூட்டத்துக்கு முன்னாடி நம்ம கோரிக்கையைக் குடுக்கலாம்’ என்று சொல்லலாம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

*பொதுவாகச் செய்யும் தவறுகள்:* எதிர் வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைப் பேசுவது. பெண்களின் எண்ணைக் கேட்காமலே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது. ஒரு பெண்ணின் எண் வெளியே போனால் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான். பர்ஸ்ட் இயர் பிள்ளைகளை மிரட்டி அழைத்து வருவது. இது ராகிங் புகாராகவே மாறும். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. வாக்குறுதிகளைப் பதினைந்து வரிக்கு நீட்டுவது.

கட்சிப் பணம், சாதிக் கணக்கு, மோதல்

மூன்றும் ஒன்றாகத்தான் வரும். தெருவில் உங்களைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்த வட்டச் செயலாளர் அண்ணன் ஒருவர் கூப்பிட்டு, ‘தம்பி, நம்ம பையன் ஜெயிக்கணும், செலவை நான் பார்த்துக்கிறேன்’ என்பார். மாணவர்கள் தாமாக முன்வந்து தரும் பணத்தைத் தவிர வேறு பணத்தை வேட்பாளர் தொடக் கூடாது என்பது விதி. முகத்தை முறிக்காமல் இப்படிச் சொல்லலாம்: “அண்ணே, நீங்க கேட்டதே சந்தோசம்ணே. காசு வாங்குனது தெரிஞ்சா மனுவே போயிரும்ணே. ஜெயிச்சா காலேஜ் விழாவுக்கு முறைப்படி லெட்டர் குடுக்கச் சொல்றேன்.” பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

சாதிக் கணக்கை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உங்கள் நண்பர்களாகவே இருப்பார்கள். ‘நம்மாளுங்க இத்தனை பேரு, அவனுங்க இத்தனை பேரு’ என்று கேன்டீன் மேசையில் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், ஜெயித்தாலும் பாதிக் கல்லூரிக்கு நீங்கள் அவர்களுடைய ஆள் இல்லை. பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுப்பதுபற்றி ஆராய்ந்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதி அடையாள வண்ணக் கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பிரசாரக் குழுவில் யாராவது அப்படிக் கட்டியிருந்தால் முதல் நாளே அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். உங்களோடு வகுப்பு வகுப்பாக வருகிற ஐந்து பேரும் ஐந்து துறையாகவும், குறைந்தது இருவர் பெண்களாகவும் இருக்கட்டும்.

பாதுகாப்புக்குச் சில கறாரான விஷயங்கள்:

- இரவில் சுவரில் ஒட்டப் போகாதீர்கள். தகராறில் சிக்கி வழக்குப் பதிவானால் பதவியோடு முடியாது. வேலைக்குப் போகிறபோதும் அது துரத்தும்.
- பைக் பேரணி, பட்டாசு, குடி விருந்து மூன்றும் வேண்டாம். கோரிப்பாளையம் சிக்னல் அடைபட்டால் பக்கத்திலுள்ள அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ் நிற்கும்.
- மாணவி வேட்பாளர்களின் படத்தைத் திரித்துப் பரப்பினால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு கல்லூரி உள்ளகக் குழுவுக்கு எழுத்தில் புகார். 181 மகளிர் உதவி எண். பயந்து மனுவைத் திரும்பப் பெற வேண்டாம்.
- ராகிங் உதவி எண் 1800-180-5522. இதை எல்லாப் போஸ்டரிலும் ஒரு ஓரத்தில் எழுதிவைக்கலாம்.

வாக்கு நாள்

முகவர்களின் பெயர்களை முந்தின நாளே எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கை முடியும்வரை அறையில் இருக்கச் சொல்லுங்கள். செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முறைகேடு இருந்தால் தேர்தல் குறைதீர்ப்புப் பிரிவிடம் முடிவு வந்த மூன்று வாரத்துக்குள் உங்கள் பெயரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தோற்றால் ஜெயித்தவரிடம் போய்க் கை கொடுத்துவிட்டு, உங்கள் குறிப்பேட்டின் நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஜெயித்தபின் முதல் முப்பது நாள்

மாலைகள் வாடுவதற்குள் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. பழைய பேரவையின் கோப்பை வாங்குங்கள். பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் இன்றே ஒரு கோப்பு திறந்து முதல் தாளில் தேதி போடுங்கள்.

2. எதற்கு யார் கையெழுத்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரங்கம் வேண்டுமா, யார்? ஓ.டி. யார்? மின்சாரம், தண்ணீர் யார்? செலவுக்கு யார்? முதல்வரிடம் நேராகப் போகிற விஷயம் மாதத்தில் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் அலுவலகக் கண்காணிப்பாளர் மேசையிலேயே முடியும். அவரிடம் மரியாதையாகப் பழகுங்கள். பேரவைத் தலைவர்கள் வந்து போவார்கள், அவர் இருப்பார்.

3. எந்தெந்தக் குழுவில் மாணவர் இடம் இருக்கிறது என்று பாருங்கள். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களைத் தேர்தல் மூலம் எடுக்க வேண்டும் என்கிறது யு.ஜி.சி.யின் 2015 ஒழுங்குமுறை. ராகிங் தடுப்புக் குழுவில் முதலாண்டு மாணவருக்கும் மூத்த மாணவருக்கும் இடம் உண்டு. யு.ஜி.சி.யின் 2023 ஒழுங்குமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக இருப்பார். உள்தர உறுதிக் குழுவிலும் மாணவர் உண்டு. இந்த இடங்கள் காகிதத்தில் நிரம்பியிருக்கும். கூட்டத்துக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். போகிற ஆளை நீங்கள் அனுப்புங்கள்.

4. ஆண்டு நாட்காட்டியைப் போடுங்கள். பருவத் தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும். பொங்கலுக்குப் பின் விளையாட்டு விழாவும் கல்லூரி நாளும் குவியும். சித்திரைத் திருவிழாவை மறக்காதீர்கள்: அழகர் ஆற்றில் இறங்குகிற நாளை ஒட்டி தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் வண்டி நகராது. அந்த வாரம் செய்முறைத் தேர்வு போட்டிருக்கிறார்களா என்று ஜனவரியிலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். ஏப்ரலில் கேட்டால் அட்டவணை அச்சாகியிருக்கும்.

5. மாதம் ஒரு கூட்டம். நிகழ்ச்சி நிரல் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். தீர்மானத்தைக் கூட்டம் முடிவதற்குள் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ‘அப்புறம் டைப் பண்ணித் தரேன்’ என்பது வராது.

பணம்

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பேரவை நிர்வாகிகள் அவமானப்படுகிற இடம் கல்ச்சுரல்ஸ் கணக்குத்தான். திருட்டைவிடக் குழப்பத்தால்தான் அதிகம்.

உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு நுழைவுக் கட்டணத்தை வாங்காதீர்கள். கல்லூரிக் கணக்குக்கே போகட்டும். முடியாவிட்டால் அலுவலகம் முத்திரையிட்ட, எண் போட்ட ரசீதுப் புத்தகம் வாங்குங்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளிலும் சிம்மக்கல்லிலும் விளம்பர உதவி கேட்டுப் போகும்போது, முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்துடன் இரண்டு பேராகப் போங்கள். பணமாக வாங்காமல் காசோலையாகக் கேளுங்கள். மைக் செட், பந்தல், டி-ஷர்ட் என்று 2,000 ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் மூன்று கடை விலைப்பட்டியல். மிகக் குறைந்த விலையை எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி. விழா முடிந்த ஏழு நாளில் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். உங்களிடம் தோற்றவர் படிப்பார்.

பிரச்சினை முற்றினால்

கோரிக்கை நடக்கவில்லை, மாணவர்கள் கொதிக்கிறார்கள், ‘வெளியே போய் உட்காருவோம்ணே’ என்கிறார்கள். படிகளைத் தாண்டாமல் போங்கள்:

1. எழுத்தில் மனு, ஒப்புகையோடு.
2. ஒரு வாரம் கழித்து நினைவூட்டல். பழைய மனுவின் தேதி குறிப்பிட்டு.
3. மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் புகார். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை கொடுக்க வேண்டும்.
4. அதிலும் குறையிருந்தால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு.
5. இதற்கிடையே துறைத் தலைவர்களில் ஒருவரையாவது உங்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்க வையுங்கள்.
6. எல்லாம் முடிந்தும் ஒன்றுமில்லை என்றால் வளாகத்துக்குள் அமைதியான உள்ளிருப்பு. நேரம் குறித்து, நிர்வாகத்துக்கு முன்கூட்டி எழுத்தில் சொல்லி. முதலாண்டுப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். சாலைக்கு வருவதென்றால் காவல்துறை அனுமதி இல்லாமல் வரக் கூடாது.

அவசரம் என்றால் இந்த வரிசை உதவாது. 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர்த் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்மாய் ஓரத்துப் பிள்ளைகளின் புத்தகமும் சான்றிதழும் நனைந்த அப்படிப்பட்ட நாளில் பேரவை செய்ய வேண்டியது ஒரே பக்கம்: பாதிக்கப்பட்ட மாணவர் பெயர், வகுப்பு, தெரு, என்ன போயிற்று என்ற பட்டியல், அதோடு இன்டர்னல் தேர்வைத் தள்ளிவைக்கவும், நனைந்த சான்றிதழுக்கு நகல் தரவும் கோரிக்கை. அன்று சாயங்காலத்துக்குள் முதல்வர் மேசையில் இருந்தால் பலன் உண்டு. நிவாரணப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும்போது

மார்ச் கடைசி வாரத்தில், தேர்வுக்கு முன், அடுத்து வரக்கூடிய இரண்டாம் வருடக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இவற்றைக் கொடுங்கள்:

- தீர்மானப் புத்தகம், வரவு செலவுக் கோப்பு, மீதமுள்ள ரசீதுப் புத்தகங்கள் (கிழிக்காத எண்களை எழுதிக் கையெழுத்தோடு).
- முடியாத மனுக்களின் பட்டியல்: எந்த மேசையில் நிற்கிறது என்ற குறிப்போடு.
- எதற்கு யார் கையெழுத்து என்ற தாள், மாறிய பெயர்களைத் திருத்தி.
- பந்தல்காரர், மைக் செட்காரர், அச்சகம்: யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், சொன்ன நேரத்துக்கு வந்தாரா.
- பேரவை மின்னஞ்சலின் கடவுச்சொல். அவர்கள் கண் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அவர்களை அட்மின் ஆக்கிவிட்டு, அன்றைக்கே நீங்கள் வெளியேறிவிடுங்கள்.